ஏறி இறங்கும் மஞ்சள்

இரவில் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு மயக்கம் உண்டு. எதிரே வரும் லாரியின் விளக்கு கண்ணை நிறைக்கிறது. அந்த வெளிச்சத்தில் தன் கை, ஹேண்டில்பார், முன்சக்கரம் எல்லாம் பளிச்சென்று தெரிகின்றன. தனக்கே இவ்வளவு தெளிவாகத் தெரியும்போது லாரிக்காரருக்குத் தெரியாமலா போகும் என்று மனம் தானாகவே முடிவுகட்டிவிடுகிறது. டிரைவர் இருக்கையில் உட்கார்ந்திருப்பவருக்குக் கிடைக்கும் காட்சி வேறு. சைக்கிள்காரர் மேல் பட்டுத் திரும்புகிற மிச்ச வெளிச்சம்தான் அவர் கண்ணுக்கு வருகிறது. கறுப்பு பேண்ட், கருநீலச் சட்டை, கறுப்பு பெயிண்ட் அடித்த ஃப்ரேம் எல்லாம் தம்மேல் விழுந்த வெளிச்சத்தில் பெரும்பங்கை விழுங்கிக்கொள்கின்றன. மீதியை நாலாபக்கமும் சிதறடிக்கின்றன. டிரைவருக்குப் போய்ச் சேர்வது சொற்பம்.

இருட்டில் நடந்து போகிறவர்களிடமும் சைக்கிளில் போகிறவர்களிடமும், நீங்கள் எவ்வளவு தூரத்தில் தெரிவீர்கள் என்று கேட்டுச் செய்த ஆய்வுகள் உண்டு. கிட்டத்தட்ட எல்லோரும் உண்மையைவிட அதிகத் தூரத்தைச் சொன்னார்கள். பார்க்கிறவன், தான் பார்க்கப்படுவதாகவும் நம்பிவிடுகிறான். கண்ணின் கூடப்பிறந்த குறை இது.

இந்த நம்பிக்கைக்கு சாலையில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 60 கிலோமீட்டரில் வரும் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கிறது. முன்னால் ஏதோ இருக்கிறது என்று டிரைவருக்கு உறைத்து, கால் பிரேக்குக்குப் போவதற்கு ஒன்றரை நொடி என்று வைத்தால் 25 மீட்டர் போய்விட்டது. அதற்குப் பிறகு காய்ந்த தார்ச்சாலையில் ஒரு கார் நிற்க இன்னும் 20 மீட்டராவது வேண்டும். 80 கிலோமீட்டரில் மொத்தக் கணக்கு 70 மீட்டரைத் தொடுகிறது. பாரம் ஏற்றிய லாரிக்கும் மழைச் சாலைக்கும் இது போதாது. விளக்கைத் தாழ்த்தி ஓட்டுகிற டிரைவருக்குக் கறுப்பு உடுப்புக்காரர் தெரிய ஆரம்பிக்கும் தூரம் பெரும்பாலும் இதைவிடக் குறைவு. டிரைவர் குடிக்காதவராக, தூங்காதவராக, மிக நல்லவராக இருந்தாலும் கணக்கு மாறாது.

இந்த இடைவெளியை நிரப்புவதற்குத்தான் பின் மட்கார்டில் அந்தச் சிவப்பு ரிஃப்ளெக்டர் சில்லு இருக்கிறது. சைக்கிளின் உறுப்புகளிலேயே மிக அலட்சியமாக நடத்தப்படுவது அதுதான். உடைந்தால் யாரும் மாற்றுவதில்லை. பஞ்சரானால் அடுத்த தெருமுனைக்குள் தெரிந்துவிடும். செயின் கழன்றால் வண்டியே நின்றுவிடும். ரிஃப்ளெக்டர் செத்துப் போனால் ஓட்டுகிறவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. அது வேலை செய்வதை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை, பார்க்கவும் முடியாது. பின்னால் வருகிற இன்னொருவரின் கண்ணில் மட்டுமே அது எரியும்.

கையில் ஒன்றை எடுத்துப் பார்த்தால் அதன் நுட்பம் புரியும். வெளிப்பக்கம் வழவழவென்று இருக்கிறது. உள்ளே தேன்கூட்டின் அறைகளாக ஆறுபக்கக் குழிகள் நெருக்கமாக அடுக்கியிருக்கின்றன. ஒவ்வொரு குழியும் ஒரு பெட்டியின் மூலை. ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிற்கும் மூன்று முகங்கள் அங்கே கூடுகின்றன. அந்த மூலைக்குள் நுழையும் ஒளிக்கதிர் மூன்று முகங்களிலும் மோதி, எந்தத் திசையிலிருந்து வந்ததோ அதே திசைக்குத் திரும்புகிறது. முகம் பார்க்கும் கண்ணாடி இப்படிச் செய்வதில்லை. சாய்வாக வந்த ஒளியை அது மறுபக்கம் தள்ளிவிடும். ரிஃப்ளெக்டர் கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் ஒளியை அனுப்பியவரிடமே திருப்பிக் கொடுக்கும். சோதித்துப் பார்ப்பது எளிது. இருட்டறையில் சிவப்புச் சில்லை எதிர்ச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, டார்ச்சை நெற்றிப்பொட்டோடு ஒட்டிப் பிடித்து அடித்தால் அது தணலாகத் தகதகக்கும். டார்ச்சை அப்படியே கையை நீட்டித் தள்ளிப் பிடித்தால், அதே வெளிச்சம் அதே சில்லின் மேல் விழுந்தும் அது மங்கிப் போகும். ஒளி டார்ச்சுக்குத்தான் திரும்புகிறது. கண் அங்கே இல்லை.

இதிலிருந்து சாலையில் ஒரு சிக்கல் பிறக்கிறது. கார் ஓட்டுகிறவரின் கண் விளக்குக்குக் கொஞ்சம்தான் மேலே இருக்கிறது. லாரிக்காரரின் கண்ணோ விளக்கைவிட வெகு உயரத்தில். அதனால் வண்டி கிட்டே வர வர, காருக்குத் திரும்பும் அளவு வெளிச்சம் லாரிக்காரரின் கண்ணுக்குப் போவதில்லை. எது மோதினால் உயிர் பிழைப்பது அரிதோ அந்த வண்டியின் டிரைவருக்கே நம் சில்லு குறைவாகத் தெரிகிறது.

இன்னொன்று அழுக்கு. மேலே படிந்த புழுதியைத் துடைத்துவிடலாம். விரிசல் வழியே தண்ணீர் உள்ளே போய்விட்டால் அதோடு அதன் கதை முடிந்தது. குழிகளின் பின்னால் காற்று இருப்பதால்தான் ஒளி முழுக்கத் திரும்புகிறது. அந்த இடத்தில் தண்ணீர் நிறைந்தால் ஒளி திரும்பாமல் ஊடுருவிப் போய்விடும். மேலுக்குச் சிவப்பு அப்படியே இருக்கும், ஆனால் சில்லு குருடு. சுவரில் சாய்த்துச் சாய்த்து வளைந்த மட்கார்டில் ஆகாயத்தைப் பார்த்தபடி நிற்கும் சில்லும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

இதே மூன்று முக மூலைகள் நூறு கொண்ட ஒரு தட்டைத்தான் 1969இல் அப்போலோ 11 வீரர்கள் நிலவில் வைத்துவிட்டு வந்தார்கள். பூமியிலிருந்து லேசர் அனுப்பி, அது திரும்ப எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கணக்கிட்டுத்தான் நிலவு ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் விலகிப் போவதை அளந்திருக்கிறார்கள். 2023இல் சந்திரயான்-3இன் விக்ரம் இறங்கியபோது அதிலும் நாசாவின் சிறு ரிஃப்ளெக்டர் தொகுப்பு ஒன்று இருந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் நிலவைச் சுற்றிவரும் நாசாவின் விண்கலம் அனுப்பிய லேசர் அதில் பட்டுத் திரும்பியது. இந்த அறிவு முழுவதும் மலிவு பிளாஸ்டிக்காக நம் மட்கார்டு வரைக்கும் இறங்கி வந்திருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு மனம் நிறைந்துபோகிறது. விஞ்ஞானம் ஏழையின் வீட்டுக்கு நேராக வந்து சேர்ந்த மிகச் சில சாமான்களில் இதுவும் ஒன்று.

ஆனால் சிவப்புப் புள்ளி ஒன்று தெரிவதும், அது மனிதன் என்று தெரிவதும் ஒன்றாகா. சாலையோரத்தில் எத்தனையோ மினுங்குகின்றன: மைல்கல், பாலத்துக் கைப்பிடிச் சுவர், மரத்தில் அடித்த பட்டை, நிறுத்திவைத்த டிராக்டரின் டிரெய்லர். புள்ளி அசைகிறதா, தன் பக்கம் வருகிறதா, எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை டிரைவர் ஒரு நொடிக்குள் முடிவு செய்தாக வேண்டும். இந்த இடத்தில் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் இருந்த குன்னர் யொஹான்சன் என்ற உளவியலாளர் செய்த சோதனையைச் சொல்லாமல் முடியாது. அவர் 1973இல் அதை வெளியிட்டார். மனிதர்களின் தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால், கணுக்கால் என்று மூட்டுகளில் மட்டும் ஒளிப்புள்ளிகளை வைத்து இருட்டில் படமெடுத்தார். சில படங்களுக்கு அவர் பயன்படுத்தியது சிறு பல்புகளை. வேறு சிலவற்றுக்கு, கேமராவின் அருகிலிருந்து விளக்கடித்தால் மினுங்கும் ரிஃப்ளெக்டர் பட்டைகளை. உருவம் அசையாமல் நிற்கும்போது பார்க்கிறவர்களுக்கு அது அர்த்தமற்ற புள்ளிக்கூட்டம். ஓர் அடி எடுத்து வைத்ததுமே ஆள் நடக்கிறார் என்று சொல்லிவிட்டார்கள். உடம்பின் வடிவம், முகம், உடை எதுவும் வேண்டியிருக்கவில்லை. மூட்டுகள் அசையும் தாளம் ஒன்றே போதுமானதாக இருந்தது. மனிதன் மனிதனை அடையாளம் காண எவ்வளவு குறைந்த தடயம் போதும் என்பதற்கு இதைவிட அழகான சான்றை நான் அறியேன்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ஜோஆன் வுட்டும் உடன் ஆய்வாளர்களும் இதைச் சைக்கிளுக்குக் கொண்டுவந்தார்கள். வேறு வண்டிகள் வராத தனிப் பாதையில் இரவில் கார் ஓட்டச் சொல்லி, சைக்கிள்காரர் இருப்பதை எத்தனை பேர் கண்டுகொள்கிறார்கள் என்று பார்த்தார்கள். 2012இல் வெளியான முடிவு இது: கறுப்பு உடுப்பில் இருந்தவரை 2 சதவீதம் பேர் கண்டார்கள். பளபளக்கும் ஃப்ளோரசன்ட் நிற மேலுடை போட்டவரை 15 சதவீதம். ரிஃப்ளெக்டர் பட்டை வைத்த மேலுடை என்றால் 50. அதே மேலுடையோடு முழங்காலிலும் கணுக்காலிலும் பட்டை கட்டியவரை 90 சதவீதம் பேர். ஐம்பதைத் தொண்ணூறாக்கியது காலில் கட்டிய கொஞ்சம் பட்டை.

ஃப்ளோரசன்ட் நிறம் 15 சதவீதத்தில் நின்றதற்கும் காரணம் உண்டு. அந்தப் பச்சையும் ஆரஞ்சும் சூரிய ஒளியின் புற ஊதாக் கதிரை வாங்கி, கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாற்றித் தருவதால்தான் மின்னுகின்றன. பகலுக்கும் அந்தி மசங்கும் நேரத்துக்கும் அவை அருமையானவை. இருட்டிய பிறகு ஹெட்லைட்டில் அவற்றுக்கு வேண்டிய தீனி கிடையாது. பகலில் கண்ணைப் பறித்த சட்டையை நம்பி இரவில் நெடுஞ்சாலைக்குப் போகிறவர்களைப் பார்த்தால் நிறுத்திச் சொல்லத் தோன்றும்.

காலில் பட்டை கட்டாவிட்டாலும் பரவாயில்லை, பெடல் இருக்கிறது. இப்போது வருகிற சைக்கிள்கள் பலவற்றில் பெடலின் முன்னும் பின்னும் மஞ்சள் சில்லு பதித்திருக்கிறார்கள். இரண்டு மஞ்சள் புள்ளிகள் மாறி மாறி ஏறி இறங்குவதை வேறு எதுவாகவும் தவறாக எண்ண முடியாது. மைல்கல் ஏறி இறங்காது. மட்கார்டின் சிவப்பு, ஏதோ இருக்கிறது என்று மட்டும் தெரிவிக்கிறது. பெடலின் மஞ்சள், இங்கே ஒருவர் மிதித்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிவிக்கிறது.

ரிஃப்ளெக்டரால் முடியாத வேலை ஒன்று உண்டு. தன்மேல் விளக்கடிக்காதவருக்கு அதனால் எதுவும் சொல்ல முடியாது. பக்கத்துத் தெருவிலிருந்து மெயின் ரோட்டுக்கு ஏறப் போகும் காரின் விளக்கு நேரே எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. வலப்பக்கமிருந்து வரும் சைக்கிளின் மேல் அது படும்போது நேரம் கடந்திருக்கும். விளக்கே போடாமல் வரும் மோட்டார் சைக்கிளுக்கும் இதே கதைதான். ஆகவே சைக்கிளுக்குச் சொந்த வெளிச்சமும் வேண்டும்: முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு. இந்த நிறங்கள் அலங்காரத்துக்கு வந்தவை அல்ல. வெள்ளை என்றால் உன்னை நோக்கி வருகிறேன். சிவப்பு என்றால் உனக்கு முன்னால் போய்க்கொண்டிருக்கிறேன். உலகெங்கும் டிரைவர்கள் நிறத்தை வைத்தே திசையைப் படிக்கிறார்கள். ஆசைக்கு நீலமும் பச்சையும் மாட்டி ஓட்டும் பையன்கள் இந்தப் பொதுமொழியைக் குழப்பிவிடுகிறார்கள். அவர்களைத் திட்டாமல் உட்காரவைத்துச் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள்.

ஒரு தலைமுறைக்கு இந்த வெளிச்சத்தைக் கொடுத்தது டைனமோ. டயரோடு ஒட்டி உரசும் சிறு புட்டி. 6 வோல்ட், 3 வாட். லீவரைத் தட்டியதும் சக்கரம் கனத்துவிடும், ஒரு முனகல் கூடவே வரும். மேட்டில் வேகம் குறைந்தால் விளக்கும் மங்கும். தன் கால் பலத்தையே வெளிச்சமாக மாற்றுகிற கருவி என்பதால் அதன்மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. அதன் குறையும் அதிலேயே இருந்தது. வலப்பக்கம் திரும்புவதற்காக நடுரோட்டில் காலூன்றி நிற்கும்போது, வெளிச்சம் மிகவும் தேவைப்படும் அந்த நேரத்தில், அது அணைந்துவிடும். இன்றைய எல்.இ.டி. விளக்குக்கு அந்தக் குறை இல்லை. செல்போன் சார்ஜரில் ஏற்றிக்கொள்ளலாம், நின்றாலும் எரியும். மின்னும்படி வைப்பதா, நிலையாக எரியவிடுவதா என்பதில் மட்டும் நாட்டுக்கு நாடு கருத்து வேறுபடுகிறது. பிரிட்டனில் 2005 முதல் மின்னும் விளக்கு சட்டப்படி சரி. ஜெர்மனியில் சைக்கிள் விளக்கு மின்னக் கூடாது. மின்னல் கவனத்தை இழுக்கும், ஆனால் தூரத்தைக் கணிக்கவிடாது. நிலையான விளக்கு ஒன்றை வைத்துக்கொண்டு, கூட மின்னுவதும் ஒன்று இருந்தால் இருக்கட்டும் என்பது என் கட்சி.

நம் நாட்டில் புதிய மோட்டார் இருசக்கர வாகனங்கள் எல்லாம் 2017 ஏப்ரலிலிருந்து பகலிலும் அணையாத ஹெட்லைட்டோடு வருகின்றன. அவற்றை ஓட்டுகிறவர்களுக்கு அது நல்லது. ஆனால் சாலையில் எல்லோரும் விளக்கேற்றிக்கொண்டு போகும்போது ஏற்றாதவர் முன்னைக்காட்டிலும் ஆழமான இருட்டுக்குள் போகிறார்.

இந்தப் பொறுப்பு யாருடையது என்ற கேள்வி பழையது. 1920களில் பிரிட்டனில் இது பெரிய வழக்காடலாக நடந்தது. சைக்கிளுக்குப் பின்விளக்கைக் கட்டாயமாக்க வேண்டும் என்று மோட்டார்க்காரர்கள் கேட்டார்கள். 1878இல் தோன்றிய சைக்கிள் சுற்றுலாக் கழகம் கடுமையாக எதிர்த்தது. தன் விளக்கு காட்டும் தூரத்துக்குள் நிறுத்தமுடிகிற வேகத்தில் ஓட்டுவது மோட்டார்க்காரரின் கடமை. பின்விளக்கைக் கட்டாயமாக்கினால் அந்தக் கடமை மோதப்படுகிறவர் தலையில் ஏறிவிடும் என்பது அவர்கள் வாதம். 1927 சட்டம் பின்விளக்குக்குப் பதிலாகச் சிவப்பு ரிஃப்ளெக்டர் போதும் என்று சமரசம் செய்தது. 1930களில் பின் மட்கார்டில் வெள்ளைப் பட்டையும் சேர்ந்தது. போர்க்கால இருட்டடிப்பில் பின்விளக்கு கட்டாயமாகி, போர் முடிந்த பிறகும் அப்படியே நிலைத்துவிட்டது. அந்த வெள்ளைப் பட்டையை நம் ஊர்ப் பழைய கறுப்பு சைக்கிள்களின் வாலிலும் பார்க்கலாம்.

நியாயத்தை மட்டும் பார்த்தால் அந்தக் கழகத்தின் பக்கமே நான் நிற்பேன். ஆபத்தைக் கொண்டுவருகிறவர் டன் கணக்கில் இரும்பை ஓட்டுகிறவர்தான். தேசிய நெடுஞ்சாலையில் ஹை பீமைத் தாழ்த்தாமல் வருகிறவர், எதிரே வரும் டிரைவரைக் குருடாக்கி, இடையில் போகும் சைக்கிள்காரரைச் சாகக் கொடுக்கிறார். விபத்துக்குப் பிறகு, சைக்கிளில் லைட் இல்லையாமே என்று டீக்கடையில் எழும் பேச்சு எனக்குப் பொறுப்பதில்லை. இறந்தவர் வாய் திறந்து பதில் சொல்ல முடியாத இடத்தில் குற்றத்தை வைத்துவிட்டு எழுந்து போவது அது. ஆனாலும் நியாயம் கிடைக்கும்வரை இருட்டில் வெறுமனே போகச் சொல்ல எனக்கு மனம் வராது. இரண்டையும் ஒன்றாகக் கேட்க வேண்டியதுதான்: லாரி தாழ்த்தட்டும், சைக்கிள் மினுங்கட்டும்.

இராஜபாளையம் பக்கம் திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகும் சாலையில், விடியுமுன் யார் சைக்கிளில் போகிறார்கள் என்று நின்று பார்த்தால் இந்தப் பேச்சு பொழுதுபோக்குச் சாமான்களைப் பற்றியதல்ல என்பது விளங்கும். நைட் ஷிப்ட் முடிந்து மில்லிலிருந்து வருகிறவர், ஷிப்டுக்குப் போகிறவர், ஏ.டி.எம். வாட்ச்மேன், பால்காரர், டீ கேன் கட்டியவர், பேப்பர் போடும் பையன். கேரளா போகும் லாரிகள் அதே நேரத்தில் அவர்களைத் தாண்டுகின்றன. 2001-02இல் தொடங்கி விரிந்த விலையில்லா மிதிவண்டித் திட்டத்தில் வண்டி வாங்கிய பிள்ளைகள், டியூஷன் முடிந்து இருட்டில் திரும்புகிறார்கள். ஹெல்மெட்டும் பளபளக்கும் உடையுமாக ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களுக்கு விளக்கு இருக்கிறது, அறிவுரை சொல்லக் குழு இருக்கிறது. தினமும் போகிறவர்களுக்கு இரண்டும் இல்லை. சைக்கிள் ரிஃப்ளெக்டர்களுக்கென்று ஒன்றிய அரசு 2020இல் தரக் கட்டுப்பாட்டு ஆணை போட்டது, நல்ல காரியம். ஆனால் அது கடையிலிருந்து புதிதாக வெளியே வரும் வண்டியோடு முடிந்துவிடுகிறது. சாலையில் ஓடும் வண்டிகளில் பெரும்பங்கு பழையவை. பழனிக்கு நடந்து போகும் பக்தர்களின் பையில் போலீசார் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புவதை ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் பார்க்கிறோம். மில் கேட்டில் சம்பள நாளன்று அதையே செய்ய எவ்வளவு செலவாகிவிடும்?

இன்னொரு விஷயத்தை எங்கள் தெரு சைக்கிள் கடைக்காரரிடம்தான் கற்றுக்கொண்டேன். ரிஃப்ளெக்டருக்கு இடம் குறித்தவர்கள் மனதில் இருந்தது பாரம் இல்லாத சைக்கிள். நம் சைக்கிள் ஒருநாளும் வெறுமனே போவதில்லை. கேரியரில் புல்லுக்கட்டு ஏறினால் மட்கார்டுச் சில்லு மறைகிறது. இருபுறமும் பால் கேன் தொங்கினால் பின்சக்கரமே தெரிவதில்லை. பஞ்சர் ஒட்ட வந்த பால்காரரின் பெடல் பக்கவாட்டில் கடைக்காரர் மஞ்சள் ரேடியம் ஸ்டிக்கரை நறுக்கி ஒட்டிக்கொண்டிருந்தார்.

"பின்னாடி செவப்பு இருக்கே அண்ணாச்சி, இது எதுக்கு?" என்று கேட்டேன்.

"கேனைக் கட்டினா அது மறைஞ்சிரும்ல தம்பி. பெடலு கீழ எறங்குறப்ப எப்படியும் கேனுக்கு அடியில தெரிஞ்சிதான ஆகணும்?"

யொஹான்சனின் பெயரை அவர் கேள்விப்பட்டிருக்க நியாயமில்லை. பெடலைத் துணியால் துடைத்து, மண்ணெண்ணெய் தொட்டு கிரீஸைப் போக்கி, காய்ந்த பிறகு பட்டையை வைத்து கட்டைவிரலால் ஓரம் ஓரமாக அழுத்தினார். ஓரம் எழும்பினால் புழுதி ஏறி இரண்டு வாரத்தில் உரிந்துவிடுமாம். பிறகு கேனின் கழுத்திலும் ஒரு சுற்று சிவப்பு. கழுவும்போது போய்விடும் என்றார் பால்காரர். போனால் கொண்டு வாங்க, திரும்ப ஒட்டித் தருகிறேன் என்றார் இவர். அந்த இடத்திலேயே பெடலைச் சுழற்றி, என்னைத் தெருமுனைக்கு அனுப்பி, செல்போன் டார்ச்சை நெற்றியோடு பிடித்துப் பார்க்கச் சொன்னார். தெரிந்தது.

கடைக்காரருக்குப் பிடிபடாமல் இருப்பது தென்னமட்டை ஏற்றிப் போகிறவர்தான். மட்டை பெடலுக்கும் கீழே தொங்கித் தரையை இழுத்துக்கொண்டு போகிறது. வண்டியிலும் ஆளிலும் எங்கே ஒட்டினாலும் பின்னாலிருந்து பார்த்தால் மறைந்துவிடும். மட்டையின் நுனியில் கவ்விப் பிடிக்கிற மாதிரி, துணி காயப்போடும் கிளிப்பில் ஒரு சிறு சிவப்பு விளக்கைப் பொருத்தி வைத்திருக்கிறார். முதல் கிளிப் மட்டை ஆடிய ஆட்டத்தில் வழியில் விழுந்துவிட்டதாம். இரும்புக் கிளிப் கிடைக்குமா என்று மதுரைக்குச் சொல்லி விட்டிருக்கிறார்.